இணையப் பக்கமும் எங்கள் கணித ரீச்சரும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1996ஆம் ஆண்டு சாதாரணதர வகுப்பின் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியரானவர்கள் சிலர் இருக்கிறோம். ஆகவே எங்களைப் பேச அழைத்தபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நீரிழிவு இந்த உரையில் வரத்தான் போகிறது. ஆனால் நாங்கள் பேச வந்திருப்பது இணையப் பக்கங்களைப் பற்றி. அதிலும், நாம் அழுத்துகின்ற, நிரப்புகின்ற, திறந்து மூடுகின்ற பொத்தான்களையும் படிவங்களையும் பற்றி. இது கணினிக்காரரின் விடயம் என்று நாங்களும் ஒருகாலத்தில் நினைத்திருந்தோம். அப்படியல்ல என்று எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் கணித ரீச்சர்.

நூற்றாண்டு விழாவுக்கான வேலைகள் தொடங்கியபோது, பதிவுப் பக்கத்தைச் செய்யும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொண்டது. பெயர், படித்த ஆண்டு, இல்லம், இப்போது வாழும் நாடு, விழாவுக்கு வரும் நாள், மதிய உணவு சைவமா அசைவமா என்ற கேள்வி, பழைய படம் ஒன்று. இவ்வளவுந்தான் படிவம். முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் பழைய புகைப்படங்கள், பாடசாலை நிறத்தில் பொத்தான்கள் என்று பார்வைக்கு அழகாகவே இருந்தது. முதல் வாரத்திலேயே ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு என்று எல்லா இடங்களிலிருந்தும் பதிவுகள் வந்தன. நாங்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. ஆண்டு 9 முதல் ஆண்டு 11 வரை எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர் பேசினார்.

"பிள்ளையள், உங்கட படிவத்துக்குள்ள என்னால போகேலாமல் கிடக்கு. விரலை வைக்க, பொத்தான், பொத்தான், பொத்தான் எண்டுதான் சொல்லுது. என்ன பொத்தான் எண்டு சொல்லுதில்லை."

ரீச்சருக்கு நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஆனால் அவர் முடங்கிவிடவில்லை. கைத்தொலைபேசியில் திரைவாசிப்பானை இயக்கப் பேரனிடம் கற்றுக்கொண்டார். செய்தி வாசிப்பதும், வட்ஸ்அப்பில் எங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் எல்லாம் அவரே.

நாங்கள் உடனே சொன்னோம்: "அதுக்கென்ன ரீச்சர், உங்கட விபரத்தை நாங்களே போட்டுவிடுறம்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நான் உங்களுக்கு விடையைச் சொல்லித் தந்தனானோ? செய்யிற வழியைத்தானே சொல்லித் தந்தனான். இப்ப நீங்கள் எனக்கு விடையைத் தாறம் எண்டு நிக்கிறியள்."

எங்களுக்குப் பதில் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு, தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் எங்களைத் தேடிப்பிடித்து இருத்தித் திரிகோணகணிதம் படிப்பித்தவர் அவர். மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் கொப்பிகளைத் திருத்தியவர். எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே விடாத அந்த ரீச்சரை, நாங்கள் செய்த பக்கம் வெளியே விட்டிருந்தது.

இந்த மண்டபத்து வாசலில் புதிதாகக் கட்டப்பட்ட சாய்தளத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் வரும் அக்காமாருக்காக அதைக் கட்டித் தந்த வகுப்பினரைப் பாராட்டினோம். அதே மாதத்தில், அதே விழாவுக்காக, இணையத்தில் நாங்கள் ஒரு படிக்கட்டைக் கட்டி வைத்திருந்தோம். கட்டியது எங்களுக்கே தெரியவில்லை.

ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியை அழைத்து விடயத்தைச் சொன்னோம். அவள் விளக்கம் எதுவும் தரவில்லை. "எல்லாரும் உங்கட போனில திரைவாசிப்பானைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்து பாருங்கோ" என்றாள். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் ரோக்பாக் என்றும், ஐபோனில் வொய்ஸ்ஓவர் என்றும் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விரலால் வலப்பக்கம் தட்டினால் அடுத்த உறுப்புக்குப் போகும். இரண்டு முறை தட்டினால் அதை அழுத்தியதாகும். நாங்கள் ஐந்து பேர் முயன்றோம். ஒருவராலும் படிவத்தை முடிக்க முடியவில்லை.

அதன்பின் அவள் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறோம். திரைவாசிப்பான் படத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னால் எழுதப்பட்டிருக்கும் குறிமுறையையே வாசிக்கிறது. ஆகவே பக்கத்திலுள்ள ஒவ்வொரு இயங்கும் உறுப்பும் அதனிடம் மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும். என் பெயர் என்ன? நான் என்ன வேலை செய்யும் உறுப்பு; பொத்தானா, தெரிவுப் பெட்டியா, இணைப்பா? இப்போது என் நிலை என்ன. திறந்திருக்கிறேனா, மூடியிருக்கிறேனா, தெரிவு செய்யப்பட்டிருக்கிறேனா? பெயர், வேலை, நிலை. இம்மூன்றும் இருந்தால் பார்வை இல்லாதவர் அந்த உறுப்பைப் பயன்படுத்தலாம். ஒன்று குறைந்தாலும் இருட்டில் தடவுவதுதான்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் கண்ட பிழைகள் இவை.

பொத்தான்களில் சொற்களுக்குப் பதிலாகச் சிறு படங்களை வைத்திருந்தோம். வீட்டுப் படம், கடித உறைப் படம், அம்புக்குறி. கண்ணுக்கு அவை விளங்கும். கருவிக்கு எந்தப் பெயரும் கொடுக்கப்படவில்லை. ரீச்சருக்குக் கேட்ட "பொத்தான், பொத்தான்" அதுதான்.

'சமர்ப்பிக்க' என்று எழுதப்பட்டிருந்த கடைசிப் பொத்தான் உண்மையில் பொத்தானே அல்ல. நிறம் பூசிய ஒரு வெறும் பெட்டி. சுட்டியால் சொடுக்கினால் வேலை செய்யும். விசைப்பலகையால் அதனிடம் போகவே முடியாது. இணையப் பக்கங்களை எழுதும் எச்ரிஎம்எல் மொழியில் பொத்தானுக்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால் விசைப்பலகையும் திரைவாசிப்பானும் தாமாகவே அதை அறிந்திருக்கும். அழகுக்காக அதை விட்டுவிட்டுப் பொய்ப் பொத்தான் செய்திருந்தோம்.

பக்கத்தைத் திறந்தவுடன் நன்கொடை கேட்கும் சிறு சாளரம் ஒன்று மேலே வந்து நிற்கும். அப்படிப்பட்ட சாளரம் திறந்தால், வாசிக்கும் இடமும் அதற்குள் நகர வேண்டும். மூடும் வரை அதற்குள்ளேயே நிற்க வேண்டும். எஸ்கேப் விசையால் மூட முடிய வேண்டும். மூடியபின் முன்பு நின்ற இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கள் சாளரம் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. ரீச்சரின் தொலைபேசி கீழேயுள்ள பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தது. மேலே நின்ற சாளரமோ வழியை மறித்துக்கொண்டிருந்தது.

தவறாக நிரப்பிய இடத்தைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டினோம். பார்வையற்றவருக்கு அது இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கும் அது இல்லை. "படித்த ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுங்கள்" என்று சொல்லால் எழுதி, அந்த இடத்துடன் இணைத்திருக்க வேண்டும்.

முகப்பில் ஓடிய புகைப்படங்களை நிறுத்த வழியில்லை. தானாகத் தொடங்கி 5 செக்கனுக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்துவதற்கு ஒரு வழி வைக்க வேண்டும் என்பது நியமம்.

கடைசிப் பிழை எங்கள் தமிழ்ப் பிழை. முகப்பிலிருந்த வரவேற்புரையைப் பழைய மலர் ஒன்றிலிருந்து அப்படியே பிரதிசெய்து ஒட்டியிருந்தோம். அது பாமினி எழுத்துருவில் இருந்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் பாமினியின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்ற சொல்லை அது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வைத்திருக்கிறது. ரீச்சருக்கு எங்கள் வரவேற்புரை அப்படித்தான் கேட்டது. யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்து, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமுறையில் குறித்தால் கருவி அதைத் தமிழாக வாசிக்கும். எங்கள் ஊர்ப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் பாமினியில் கிடக்கும் கோப்புகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் கேட்டபின் எங்களில் ஒருத்தி, "பார்வையில்லாதவைக்கு எண்டு தனியா ஒரு சின்னப் பக்கம் செய்துவிடுவமே" என்றாள். ரொறன்ரோத் தோழி மறுத்துவிட்டாள். தனிப் பக்கத்தை முதல் மாதம் கவனிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பிரதான பக்கத்தில் வரும் புதிய அறிவித்தல் அங்கே வராது என்பது அவளுடைய அனுபவம். மண்டபத்துக்கு முன்வாசல் இருக்க, சக்கர நாற்காலிக்காரரைக் குசினிப் பக்கத்தால் வரச் சொல்வது போன்றது அது.

இன்னொருத்தி, எல்லா உறுப்புகளுக்கும் கருவிக்கான மேலதிகக் குறிப்புகளை அள்ளிப் போடலாம் என்றாள். அதற்கென 'ஏரியா' என்றொரு நியமம் இருக்கிறது. அதையும் அளவாகவே பயன்படுத்த வேண்டும் என்று தோழி எச்சரித்தாள். இயல்பான உறுப்பு இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லாத இடத்தில் மட்டும் குறிப்புச் சேர்க்க வேண்டும். வைத்தியர்களுக்கு இது உடனே விளங்கியது. மருந்துப் போத்தலில் சீட்டு இல்லாவிட்டால் நோயாளி கேட்டுப் பார்ப்பார். தவறான சீட்டு ஒட்டியிருந்தால் நம்பிக் குடித்துவிடுவார்.

அன்பானவர்களே, இது பார்வையற்ற ஒருவரின் கதை மட்டுமல்ல. உலகில் ஏறத்தாழ 130 கோடி மக்கள், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் கிளினிக்குகளில் அவர்களைத் தினமும் காண்கிறோம். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளியால் சிறிய பொத்தானில் விரலை வைக்க முடியாது. மூட்டுவாதத்தால் விரல் வளைந்தவருக்குச் சுட்டியைப் பிடிக்க முடியாது. பாரிசவாதம் வந்து ஒரு கை வழங்காதவர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது கடினம். காது கேளாதவருக்கு ஒலியால் மட்டும் சொல்லப்படும் அறிவித்தல் போய்ச் சேராது.

நடுக்கமுள்ள நோயாளி ஒருவர், முற்பதிவுப் பக்கமொன்றில் விபரத்தை நிரப்பி முடிக்கும் முன் நேரம் முடிந்துவிடுவதாகவும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதாகவும் எங்களிடம் சொன்னார். மூன்று முறை முயன்று விட்டுவிட்டார். அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. வேறொரு பெண், இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பக்கத்தைத் தன்னால் திறக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகச் சொல்ல வேண்டிய செய்தியை ஒழுங்கை முழுவதும் அறிந்தது. ஒரு பொத்தானின் பிழை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

எங்களுக்கும் அந்த நாள் தூரத்தில் இல்லை. நாற்பதைக் கடந்த எங்கள் வகுப்பில் இன்று வாசிப்புக் கண்ணாடி இல்லாதவர்கள் சிலரே. சென்ற வருடம் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த தோழி ஆறு வாரம் இடக்கையால் விசைப்பலகையுடன் போராடினாள். உடல் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது என்பதை வைத்தியர்கள் அறிவோம்.

இதற்கெல்லாம் நியமங்கள் இல்லாமலில்லை. இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, அணுகுவசதி பற்றிய தன் முதல் வழிகாட்டியை 1999இல் வெளியிட்டது. இப்போதுள்ள 2.2 பதிப்பு 2023 ஒக்ரோபரில் வந்தது. உணரக்கூடியதாக, இயக்கக்கூடியதாக, விளங்கக்கூடியதாக, எந்தக் கருவியிலும் நிலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவையே அதன் நான்கு தூண்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 என்பது போன்ற அளவுகளும் அதில் உண்டு. எங்கள் நாட்டிலும் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை கட்டடங்களுடன் தகவல் தொழினுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆயினும், ஆண்டுதோறும் 10 இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கும் வெப்எய்ம் நிறுவனம், 2024இல் 95.9 வீதமான பக்கங்களில் இயந்திரச் சோதனையிலேயே பிடிபடும் பிழைகளைக் கண்டது. ஆகவே நாங்கள் மட்டும் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அது ஆறுதலும் அல்ல.

இந்த மலரை வாசிக்கும் நீங்கள் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கோயில் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். பக்கத்தைச் செய்பவர் வேறொருவராக இருக்கலாம். ஏற்றுக்கொண்டு கையொப்பமிடுபவர் நீங்கள். கணினி படிக்காதவர்களும் செய்யக்கூடிய ஐந்து சோதனைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, சுட்டியை ஒதுக்கிவைத்து, விசைப்பலகையின் இடப்பக்கத்திலுள்ள ராப் விசையால் மட்டும் பக்கத்தைக் கடந்து பாருங்கள். எல்லாப் பொத்தானுக்கும் போக முடிகிறதா, இப்போது எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? இரண்டாவது, எழுத்தை 200 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். எதுவும் வெட்டுப்படக் கூடாது. மூன்றாவது, திரைவாசிப்பானைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை அவுஸ்திரேலியாவில் உருவாக்கிய இருவரும் பார்வையற்றவர்களே. நான்காவது, வேண்டுமென்றே பிழையாக நிரப்பிப் பாருங்கள். என்ன பிழை, எப்படித் திருத்துவது என்று சொற்களில் வருகிறதா? ஐந்தாவது, இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, அந்தக் கருவிகளைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் சொல்வதைத் திருத்தும் வரை பக்கத்தை வெளியிடாதீர்கள்.

நாங்கள் பக்கத்தைத் திருத்த இரண்டு வாரம் எடுத்தது. பொய்ப் பொத்தானை எடுத்துவிட்டு உண்மைப் பொத்தானை வைத்தோம். படங்களுக்குப் பெயர் கொடுத்தோம். நன்கொடைச் சாளரத்தை எடுத்துவிட்டு, பக்கத்தின் கீழே ஓர் இணைப்பாக வைத்தோம். அதனால் நன்கொடை குறையவில்லை என்பதைப் பொருளாளரே சொல்வார். பிறகு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்து, "இப்ப ஒருக்கால் பாருங்கோ ரீச்சர்" என்று மட்டும் சொன்னோம்.

அன்று இரவே சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அவருடைய பதிவு வந்தது. பெயர், சேவையாற்றிய ஆண்டுகள், சைவ உணவு எல்லாம் பிழையின்றி அவரே நிரப்பியிருந்தார். 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: "படிவம் சரி. நாட்காட்டியில் திகதியைத் தெரிவது இன்னும் கஷ்டம். தட்டச்சுச் செய்யவும் விடுங்கோ. 100க்கு 85."

திகதியை மறுநாளே திருத்தினோம். ரீச்சர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மீதிப் 15 புள்ளி கிடைத்ததா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் செய்யும் பக்கங்களுக்கும் அவர் புள்ளி போடக்கூடும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் பாடசாலை வாழ்க!